பூட்டைக் கழற்றாதீங்க!

லேப்ல இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டரில் வைஃபை வரலைன்னா, "ரவுட்டர்ல பாஸ்வேர்டை எடுத்துட்டா சரியாயிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு என்பதே என் கருத்து. சாவி சேரலைன்னு வீட்டுக் கதவையே கழற்றி வைப்போமா?

பூட்டு போனால் தெருவில் நிற்பவர்கூட நம்ம நெட்டில் நுழையலாம். 1997-இல் வந்த டபிள்யூஇபி என்ற பழைய பூட்டும் வேண்டாம். அதன் ஓட்டையை 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்போ என்ன செய்யலாம்? காரணத்தைத் தேடலாம். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்தால், வைஃபை அணைந்து கிடக்கிறதா என்று தெரியும். 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' கொடுத்தால், அருகிலுள்ள நெட்வொர்க்குகள் வரும். எதுவுமே வரலைன்னா டிரைவர் கோளாறா இருக்கலாம். நம்ம நெட்வொர்க் பெயர் வந்தும் சேரலைன்னா பாஸ்வேர்டைப் பாருங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே சேராது. அதுவும் சரின்னா, ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் கேட்குதான்னு பார்க்கணும். பழைய வைஃபை கார்டு பலதுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-வையும் சேர்த்து வைக்கச் சொல்லி கம்ப்யூட்டர் சாரிடம் கேட்கலாம்.

கொஞ்சம் பொறுமையா தேடினா பூட்டும் இருக்கும், நெட்டும் வரும். இதுவும் ஒரு பாடம்தானே? சிந்திப்பீர் நண்பர்களே!