கொண்டை ஊசி வளைவில் பொறுப்பு யாருக்கு?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிக் குடும்பங்கள் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடுகின்றன. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் மலை. இந்தப் பாதையில் இப்போது மின்சாரக் கார்களும் ஏறுகின்றன. புதிய கார்கள் பலவற்றில், தடம் விலகாமல் ஸ்டியரிங்கைத் திருத்துவது, முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தை மாற்றுவது, ஆபத்தில் தானாகவே பிரேக் போடுவது போன்ற வசதிகள் வந்துவிட்டன. 'இனி எல்லாவற்றையும் கார் பார்த்துக்கொள்ளும்' என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த மூன்று விபத்துகளே போதுமான பாடம்.

மூன்று விபத்துகள்

2018 மார்ச் 18 இரவு. அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் உபர் நிறுவனம் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அவர் உயிரிழந்தார். மோதுவதற்கு 5 விநாடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் எதிரே ஏதோ இருப்பதைக் கண்டுவிட்டன. ஆனால் அது ஒரு மனிதர் என்று கணினி கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்டிருந்த ஓட்டுநரின் பார்வையோ கைப்பேசியில் இருந்தது.

அதே மாதம் 23ஆம் தேதி கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில், ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா மின்சாரக் கார் நெடுஞ்சாலைத் தடுப்பில் மோதியது. ஓட்டியவர் இறந்தார். அவரது கைப்பேசியில் அப்போது வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது என்றும், அவர் பிரேக் போட்டதற்கான அடையாளமே இல்லை என்றும் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020இல் அறிவித்தது.

மூன்றாவது, 2019இல் புளோரிடாவில் நடந்தது. கீழே விழுந்த கைப்பேசியை எடுக்க ஓட்டுநர் குனிந்தார். ஆட்டோபைலட்டில் போன கார், சாலையோரம் நின்றிருந்த இளம்பெண்ணின் உயிரைப் பறித்தது. 2025 ஆகஸ்டில் நடுவர் குழு பொறுப்பைப் பங்கிட்டது: ஓட்டுநருக்கு 67 விழுக்காடு, டெஸ்லாவுக்கு 33 விழுக்காடு. நிறுவனம் 243 மில்லியன் டாலர் தர வேண்டும் என்றும் சொன்னது. டெஸ்லா இதை ஏற்கவில்லை.

மூன்றிலும் இயந்திரம் தவறியபோது மனிதனின் கவனம் வேறெங்கோ இருந்தது. இது தற்செயல் அல்ல. வேலை குறையக் குறைய மனம் சலிக்கும், சலித்த மனம் திரையைத் தேடும். இது தெரிந்தும், கார் ஓடும்போதே முன்திரையில் கேம் விளையாடும் வசதியை டெஸ்லா வைத்திருந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்க அரசு விசாரணை தொடங்கிய பிறகே அதை நிறுத்தியது.

ஃபிக்ஹ் நூல்கள் கேட்ட கேள்வி

தன் போக்கில் அசையக்கூடிய ஒன்றின் மீது ஏறிச் செல்பவருக்கு எவ்வளவு பொறுப்பு? ஒட்டகமும் குதிரையும் ஓடிய காலத்திலேயே நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதை அலசியிருக்கிறார்கள். அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹனஃபி நூலான 'ஹிதாயா'வில் இதற்கென ஒரு பகுதியே உண்டு. பிராணி காலால் மிதித்து ஏற்படுத்தும் சேதத்துக்கு ஏறிச் செல்பவர் பொறுப்பு. போகிற போக்கில் பின்னங்காலால் உதைத்துவிட்டால் பொறுப்பில்லை, ஏனெனில் அதை அவரால் தடுக்க முடியாது. ஆனால் பாதையில் அதை நிறுத்தி வைத்திருந்தால் அந்த உதைக்கும் அவரே பொறுப்பு, ஏனெனில் நிறுத்தாமல் இருந்திருக்கலாம்.

இன்றைய காருக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பது ஃபிக்ஹ் சபைகள் கூடிப் பேச வேண்டியது. ஆனால் அடிப்படை தெளிவாக இருக்கிறது. தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்காதவர் பொறுப்பாளி. கேம் விளையாடியதைத் தவிர்த்திருக்கலாம். 'ஆட்டோபைலட்' என்ற பெயரே தரும் அளவு மீறிய நம்பிக்கையை நிறுவனமும் தவிர்த்திருக்கலாம். வளைவில் காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களும் இதில் அடக்கம்.

மலைப்பாதையில் நம் கடமை

தானியங்கிக் கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலேயே சொன்னார். ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பது அவர் சொன்ன காரணம். இங்கே விற்கும் கார்களில் இருப்பவை ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் மட்டுமே.

அந்தக் கருவிகளின் கேமராவுக்குச் சாலைக் கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் நம் கண்ணுக்கே கோடு தெரிவதில்லை. கொண்டை ஊசி வளைவின் மறுபக்கம் வரும் பேருந்தை எந்தக் கேமராவும் பார்க்காது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்ற விதியையும், வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பதையும், குறுக்கே பாயும் குரங்கையும் ஓட்டுநர்தான் கவனித்தாக வேண்டும்.

மின்சாரக் காருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இறக்கத்தில் அதன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது. அப்போது இந்தப் பிடிப்பு குறைந்து, பாரம் முழுதும் பிரேக் மீது விழும். எனவே மலைமேல் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு உடனே இறங்குவதைத் தவிர்ப்பது நல்லது. சத்தம் குறைவு என்பதால் ஹாரனும் அவசியம்.

2024 ஏப்ரல் 30 அன்று இதே பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் பறிபோனதை நாம் மறந்திருக்க முடியாது. நம் காரில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உயிரும், எதிரே பைக்கில் வரும் எஸ்டேட் தொழிலாளியின் உயிரும் நம்மிடம் உள்ள அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

அடுத்த முறை மலையேறும்போது அடிவாரத்திலேயே ஓட்டுபவரின் கைப்பேசியைப் பின் இருக்கைக்குக் கொடுத்துவிடுங்கள். அத்தா மறந்தால், "போனைக் கொடுங்க அத்தா" என்று பிள்ளைகள் கேட்கட்டும். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.