ஓதுவதும் வாசிப்பதும்

தமிழ்ப் பழமொழியை நம்புவதென்றால் கிறிஸ்தவ வேதத்தை ஓதுகிற ஆள் ஒருவன்தான். அவன் சாத்தான். மற்றவர்கள் எல்லாரும் வாசிக்கிறார்கள். தேவாரத்தை ஓதுகிறார்கள், பிரபந்தத்தைச் சேவிக்கிறார்கள், குர்ஆனை ஓதுகிறார்கள். பைபிளுக்கு வந்ததும் வினைச்சொல் மாறிவிடுகிறது. முதல் வாசகம், இரண்டாம் வாசகம், 'இன்றைய வேத பாடத்தை வாசிப்பவர்...' தினசரிப் பத்திரிகைக்கும் மின்சார பில்லுக்கும் எந்தச் சொல்லோ அதே சொல். (வீணையையும்தானே வாசிக்கிறோம் என்று யாராவது கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நிற்பவர் அந்த அர்த்தத்தில் வாசித்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இல்லை.)

வெறும் சொல்தானே என்று விட்டுவிடலாம். சித்தூர்ப் பக்கம் போனால் விடமுடியவில்லை.

கங்காதர நெல்லூர் சித்தூரை அடுத்த ஊர்; சட்டசபைக்குத் தனித்தொகுதி; தமிழக எல்லைக்கு அருகே. 1911ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி வட ஆற்காட்டோடு இருந்தது. 1960ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. கோடு நகர்ந்தாலும் மக்கள் நகரவில்லை. 1853ல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் பழைய நிலையங்களில் சித்தூரும் ஒன்று. இங்கே கிறிஸ்தவம் தமிழிலும் தெலுங்கிலும் சேர்ந்தே வளர்ந்தது. இன்று தமிழ் பேசும் பல வீடுகளில் பிள்ளைகளின் நிலைமை இதுதான்: பேச்சு தமிழ், எழுத்து தெலுங்கு. அம்மாவோடு சரளமாகச் சண்டை போடும் பையனுக்குத் தமிழ் பைபிளைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அவனிடம் போய் 'வாசி' என்றால் என்ன செய்வான்?

அங்கே ஒரு சின்னக் கோயிலில் இன்டர் முதல் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி, பெரிய வெள்ளிக்கான முதல் வாசகத்தைக் கற்றுக்கொண்டிருந்தாள். ஏசாயா நூலில் துன்புறும் ஊழியனைப் பற்றி வரும் நீண்ட பகுதி. அவள் நோட்டில் இருந்தது தமிழ். எழுதியிருந்தது தெலுங்கு எழுத்தில். சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். 'வழி' என்ற இடத்தில் அவள் 'வளி' என்றாள்.

"ழ எங்கேம்மா?"

"தெலுங்குல அந்த எழுத்து இல்ல சார்."

"நோட்டுல இல்லேன்னா வாயில இருக்கணும்."

நம் சென்னை சபாக்களில் இதற்கு நேர் எதிர்க் காட்சி தினமும் நடக்கிறது. தியாகராஜரின் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, எந்த 'க' எந்த 'க' என்று குழம்பிப் பாடுகிறார்கள். தெலுங்குக்காரர்கள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண் வரிகளைப் பேசவில்லை, பாடவும் இல்லை. ஒரே சுருதியில் சொற்களை நிறுத்திச் சொல்லிக்கொண்டு போனாள். அரைப்புள்ளியில் குரல் ஒரு படி இறங்கியது. வாக்கியம் முடிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கி நின்றது. இதுதான் ஓதுதல். உலகத்துப் பழைய மதங்கள் பலவற்றுக்கும் இது பொதுச்சொத்து. வேத பாடசாலையில் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்கிறார்கள். யூதச் சிறுவன் 13 வயதில் சபை முன் நின்று தோராவை ஓதவேண்டும். அவன் முன்னால் விரிக்கும் சுருளில் உயிரெழுத்துக் குறியும் கிடையாது, ராகக் குறியும் கிடையாது. எல்லாம் காதில் வாங்கி மனதில் வைத்தது. அந்தப் பெண்ணின் நோட்டைவிடக் கஷ்டமான சங்கதி.

லத்தீன் திருச்சபையில் இதற்குத் திட்டமான முறை இருந்தது. ஒரு தங்கு சுருதி. சிறு நிறுத்தத்துக்கு ஒரு வளைவு, நடு நிறுத்தத்துக்கு வேறு, முற்றுப்புள்ளிக்கு வேறு. கேள்வி வாக்கியம் என்றால் குரல் அரைச் சுருதி இறங்கி, கடைசியில் ஏறவேண்டும். இறைவாக்கினருக்கு ஒரு மெட்டு, திருமுகத்துக்கு ஒன்று, நற்செய்திக்கு ஒன்று. மைக் இல்லாத காலத்தில், பெரிய கல் கட்டடத்தின் கடைசி வரிசைவரை சொல் போய்ச்சேர இதைவிட நல்ல உபாயம் இல்லை. பேசும் குரல் தூணில் மோதிச் சிதறும்; நிலையான சுருதி சிதறாது. இன்னொரு பயனும் உண்டு: ஓதுகிறவரின் சொந்த உணர்ச்சிகள் வெளியே நின்றுவிடும். அழவேண்டியது கேட்கிறவர்; ஓதுகிறவர் அல்ல.

1960கள் வரை நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களிலும் 'பாட்டுப் பூசை'யில் இதைக் கேட்கலாம். யாருக்கும் புரியாது, ஆனால் கேட்கலாம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. தமிழ் வந்தது, சுருதி போயிற்று. யாரும் தடுக்கவில்லை, வாசகங்களைப் பாடலாம் என்று விதி இன்றும் சொல்கிறது. மைக் வந்த பிறகு யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இப்போது வாசகர் ஒலிபெருக்கியை முத்தமிடும் தூரத்தில் நின்று, 'ப' வருமிடமெல்லாம் வெடி வெடித்து, மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்குகிறார். வெளியே வருகிறவர்களிடம் இன்று என்ன வாசகம் என்று கேட்டுப் பாருங்கள்.

கேரளத்தில் சீரோ மலபார் சபையார் 1962ல் சிரியாக்கிலிருந்து மலையாளத்துக்கு மாறியபோது கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினார்கள். பழைய மெட்டுகள் சிலவற்றை மலையாளச் சொற்களோடு சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

லத்தீன் மெட்டைத் தமிழுக்கு அப்படியே தைக்க முடியாது என்பதும் உண்மை. தமிழில் அழுத்தம் இல்லை. குறில் நெடில்தான் உண்டு. மெட்டுக்காக ஒரு குறிலை இழுத்தால் கல் கால் ஆகிவிடும், படம் பாடம் ஆகிவிடும். இரண்டாவது தொல்லை வினைமுற்று. தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. விவிலியக் கதைகளில் எல்லாரும் மரியாதைக்குரியவர்கள் ஆதலால் 'வந்தார், சொன்னார், எழுந்தார்' என்று வரிசையாக 'ஆர்' விழுகிறது. ஒவ்வொரு 'ஆர்' மேலும் ஒரே இறக்கத்தை வைத்தால் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஆகிவிடும். ஆசிரியர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இறக்கத்தை வினையில் வைக்காதே, அதற்கு முந்தின சொல்லில் தொடங்கு. வினை தானாகக் கீழே வந்து உட்காரும். கேள்விக்கும் அப்படித்தான். தமிழில் அது கேள்வி என்பதே சில சமயம் கடைசி 'ஆ'வில்தான் தெரியும். அதற்குள் குரல் தயாராகியிருக்க வேண்டுமென்றால், ஓதுகிறவர் வாக்கியத்தை முழுசாக முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். புரியாமல் வாசிக்க முடியும். புரியாமல் இப்படி ஓத முடியாது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கீர்த்தனை வேறு சங்கதி, அதில் தாளமும் ராகமும் எஜமானர்கள். நமக்கு வேண்டியதற்கு நெருங்கிய உறவு 'வியாகுலப் பிரசங்கம்'. கோவாவில் 1676ல் பிறந்து, 1705ல் இலங்கைக்கு வந்து, 1742ல் அங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியது. தபசு காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த உரைநடையை ஒப்பாரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் இழுப்போடு ஓதுவார்கள். பாட்டல்ல, உரைநடை. தமிழ் உரைநடையை ஓத முடியுமா என்ற கேள்விக்கு அது சுமார் 300 வருஷத்துப் பதில். பாஸ்கா இரவில் மெழுகுவர்த்தி முன்னால் பாடும் புகழுரை இருக்கிறது. பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை மூவர் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பழைய முறைப்படி கதை சொல்பவர் நடுக்குரல், இயேசு தாழ்ந்த குரல், கூட்டம் உச்சக் குரல். வருஷத்தில் இரண்டு நாள் முடிகிறது மீதி நாட்களில் ஏன் முடியாது என்பது எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பதில் பல கோயில்களில் கீபோர்டு வந்திருக்கிறது. பதிலுரைப் பாடல் என்ற பெயரில் சங்கீதங்கள் சினிமா டூயட்டின் சாயலில் கிளம்புகின்றன.

சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் போனால் திருப்பதி. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவை சொல்கிறார்கள். தெலுங்கு தேசத்து மலைமேல் 30 தமிழ்ப் பாசுரங்கள். வீடுகளில் அதைத் தெலுங்கு எழுத்தில் வைத்துக்கொண்டு சொல்பவர்கள் ஏராளம். எழுத்து போனாலும் காது காப்பாற்றும் என்பதற்கு அந்தப் பிள்ளைகள் வேறு சாட்சி தேடவேண்டியதில்லை.

யார் ஓதலாம் என்பது தனிக் கதை. வேதம் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரம் இருந்த நாடு இது. ஆற்காடு மிஷனில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுடைய கொள்ளுப்பேத்தி சபை நடுவில் நின்று வேதத்தை ஓதுவது சாதாரண விஷயம் அல்ல. கிறிஸ்தவர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்காகக் கட்டிய சுவரை 1910ல்தான் இடித்தார்கள். கத்தோலிக்கப் பெண்கள் வாசகம் வாசிக்கப் பல வருஷங்களாக அனுமதி உண்டு என்றாலும், வாசகர் என்ற திருப்பணியில் முறையாக ஏற்படுத்தப்பட 2021 ஜனவரியில்தான் போப் பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தினார். அதே வருஷம் சென்னை மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமனம் பெற்றார். இரண்டு செய்திகளையும் ஒருசேர யாரும் எழுதியதாக நினைவில்லை. நற்செய்தி மட்டும் இன்றும் குருவுக்கும் திருத்தொண்டருக்கும்தான்.

நடைமுறையில் தடையாக இருப்பது புத்தகம். அச்சிட்ட வாசக நூலில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இலக்கணப்படி விழுந்திருக்கின்றன, மூச்சுப்படி விழவில்லை. எங்கே வளைப்பது, எங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொள்ள வரிகளுக்கு நடுவே இடமும் கிடையாது. அந்த ஆசிரியர் பென்சிலால் இண்டு இடுக்கில் கோடு போட்டுக் கொடுக்கிறார். கோயில் புத்தகம் என்பதால் பிறகு அழித்துவிடவும் வேண்டியிருக்கிறது. வாசக நூலின் அடுத்த பதிப்பைத் தயாரிக்கிறவர்கள் வரிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி அச்சிடலாம். காகிதச் செலவு கூடும்தான்.