இரவலும் களவும்

'உள்ளத் தூண்டுதல்' என்று ஒரு நல்ல வார்த்தை. கதை எழுதுகிறவனுக்கு அது இல்லாமல் பிழைப்பே இல்லை. அந்த வார்த்தையை இப்போது ஜவுளிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழங்குடி மக்களின் சின்னத்தையும் வர்ணத்தையும் அப்படியே எடுத்து அச்சடிப்பது. கேட்டால், 'தூண்டுதல் பெற்றோம்' என்பது. அடுத்த வீட்டு மாமரத்தில் கை வைத்தவனும் தூண்டுதல் பெற்றுத்தான் வைத்தான்!

மத்திய அமெரிக்காவில், பனாமா நாட்டுக் கரையோரத் தீவுகளில் குனா என்ற ஜனங்கள் வாழ்கிறார்கள். பெண்கள் மூக்கில் தங்க வளையம் போடுவார்கள். நம் பாட்டிமார் போட்ட புல்லாக்கு மாதிரி. ரவிக்கையின் முன்னும் பின்னும் 'மோலா' இருக்கும். பல வர்ணத் துணிகளை அடுக்கி, மேல் துணியை வெட்டி, கீழ் வர்ணம் தெரியும்படி ஓரம் மடித்துத் தைக்கிற வேலை அது. ஒரு நல்ல மோலாவுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

இந்த உடையை ஒழிக்கப் பனாமா சர்க்கார் போலீஸை ஏவிற்று. 1925-ல் குனாக்கள் ஆயுதம் எடுத்தார்கள். அந்தக் கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ரவிக்கையும் புல்லாக்கும் அதில் சின்னக் காரணங்கள் அல்ல. அவர்களுடைய கலைக்குப் பாதுகாப்பாக 2000-ல் பனாமாவில் ஒரு சட்டமே வந்தது.

2019-ல் நைக்கி கம்பெனி இந்தக் கோலத்தைக் காலணியில் போட்டு, போர்ட்டோ ரிக்கோ என்ற வேறொரு தீவின் பெயரில் விற்கப் புறப்பட்டது. குனாக்கள் ஆட்சேபித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுச் சரக்கை நிறுத்தியது. மன்னிப்பு எதற்கு? கோலம் பிறந்த இடத்தைத் தவறாகச் சொன்னதற்கு! கேளாமல் எடுத்ததற்கு அல்ல.

'அவர்கள் மட்டும் இரவல் வாங்கவில்லையா? கிராமபோன் பெட்டி முன் உட்கார்ந்த நாயைக்கூட மோலாவில் தைத்தார்களே!' என்று ஒரு கட்சி உண்டு. தைத்தார்கள், வாஸ்தவம். ஒருத்தி தன் ரவிக்கையில் தைத்த நாயினால் எந்தக் கிராமபோன்காரன் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. யந்திரம் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் மோலா, கையால் தைப்பவளின் அடுப்பையே அணைக்கும்.

இதைவிட வேடிக்கை, இப்படிப்பட்ட துணிகளில் 'இயற்கையைக் காப்போம்' என்று சீட்டு ஒட்டுவது. கடல் ஏறி வருவதாலும் இட நெருக்கடியாலும் 2024-ல் கார்டி சுக்டுப் என்ற குனாத் தீவிலிருந்து சுமார் 300 குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கரைக்குக் குடியேறின. அலையையும் மீனையும் தைத்தவளின் வீட்டு வாசலில் அலை நிற்கிறது. நமக்கோ அது முந்தானைக்கு நல்ல டிசைன்.

இரவல் வாங்குவது பாவமில்லை. கேட்டு வாங்கு, பெயரைச் சொல், கூலியைக் கொடு. இந்த மூன்றும் இல்லையென்றால் அதற்குத் தமிழில் களவு என்று பெயர்.

ஜவுளிக் கடையில் 'டிரைபல் பிரிண்ட்' என்று புடவையை விரித்துப் போட்டால், வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் ஒன்று கேட்கட்டும்: "எந்த ஜனங்களுடையது ஐயா, இது?" கடைக்காரர் விழிப்பார். விழிக்கட்டும், பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் தேடி வைத்திருப்பார்.