வாடகைக்கு விடப்படும் பெயர்

கலிஃபோர்னியாவில் கட்டுமானத் துறையில் இருக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு விளக்கம் கேட்டார். வேறு மாநிலத்து நிறுவனமொன்று கலிஃபோர்னியாவில் பணிகளை எடுக்க விரும்புகிறது; அதற்கு அவருடைய ஒப்பந்தக்காரர் தகுதி தேவைப்படுகிறது. அவர் வேலைத்தளத்தின் பக்கம் வரவேண்டியதில்லை, கையெழுத்து மட்டும் போதும், மாதந்தோறும் ஒரு தொகை வந்துவிடும். "நான் உழைத்துப் பெற்ற தகுதிதானே, இந்த வருமானம் ஹலால்தானே?" என்பது அவர் கேள்வி.

அமெரிக்காவில் இவ்வுரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். டெக்சாஸில் பொதுக் கட்டுமானத்துக்கு மாநில அளவிலான உரிமமே கிடையாது. கலிஃபோர்னியாவிலோ கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு அனுபவம் காட்டித் தகுதி பெறவேண்டும். நிறுவனத்துக்குக் கையும் கண்ணும் இல்லையாதலால் அதன் சார்பில் தகுதியுள்ள ஒரு மனிதர் நிற்கிறார். அவர் ஊழியராக நின்றால் வாரம் 32 மணி நேரமோ, நிறுவனம் இயங்கும் நேரத்தில் 80 விழுக்காடோ, இவற்றில் எது குறைவோ அவ்வளவு நேரம் அங்கே உழைக்கவேண்டும். ஓராண்டில் 3 நிறுவனங்களுக்கு மேல் ஒருவர் நிற்க முடியாது. அதற்கும் ஒவ்வொன்றிலும் 20 விழுக்காடு பங்கு போன்ற நிபந்தனைகள் உண்டு. எந்த நிலையிலும் பணியை நேரடியாக மேற்பார்வையிட்டுக் கட்டுப்படுத்துவது அவர் கடமை. தவறினால் 6 மாதம் வரை சிறை, 3,000 முதல் 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆக, சட்டம் கேட்பது அவருடைய பெயரை அன்று, அவரையே கேட்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டு ஆள் வராமலிருப்பது, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சாட்சி சொல்வதாகும்.

"யாரையும் ஏமாற்றவில்லையே" என்கிறார் சகோதரர். வீடு கட்டுகிறவரை நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். அவர் உரிம எண்ணை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கிறார். எண் சரியாக இருக்கிறது. தொழில் தெரிந்த ஒருவர் தம் கூரையையும் மின்கம்பிகளையும் பார்த்துக்கொள்வார் என நம்பி, சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறார். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட செய்தியை முஸ்லிம் நூலில் நாம் படித்திருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்தது. அந்த வணிகரும் வாயால் பொய் சொன்னதாகச் செய்தியில் இல்லை.

வேறு சிலர் இன்னும் நுட்பமாக வாதிடுகின்றனர்: "தவறு நடந்தால் வழக்கு என்மீதும் வரும்; அந்த ஆபத்தை ஏற்பதற்குத்தான் கூலி." இவ்வாதம் அவர்களுக்கே எதிரானது. பிறருக்காகப் பொறுப்பேற்பது உபகாரமாகச் செய்யப்படுவது. அதற்கென்றே கூலி வாங்குவதைப் பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்கவில்லை. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், வங்கி உத்தரவாதக் கடிதம் பற்றிய தீர்மானத்தில், நிர்வாகச் செலவை வாங்கலாம், பொறுப்பேற்புக்குக் கூலி கூடாது என்றே முடிவு செய்தது. உழைப்புக்குக் கூலி வாங்கலாம் என்றால், இங்கே உழைப்பு எங்கே?

இதை அமெரிக்கச் செய்தியென்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. நம்மூர் மருந்துக்கடைகள் சிலவற்றின் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழுக்கு உரியவரை வாடிக்கையாளர் ஒருநாளும் பார்த்ததில்லை. மருத்துவர் சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்கவேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் கூறுகின்றன. ஆயினும் "சும்மா கிடக்கிற சர்ட்டிஃபிகேட்தானே, கடையில் மாட்டினால் மாதச் செலவுக்கு ஆகும்" என்று பெண் பார்க்கும் வீட்டில்கூட இது ஒரு வருமானமாகப் பேசப்படுகிறது! மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அறியாதவருக்குத் திரையாக நிற்பவர் மட்டும் எப்படி விலகிக்கொள்ள முடியும்?

சகோதரரின் நெருக்கடியை நாம் இலேசாக எண்ணவில்லை. வேலையில்லாத மாதங்களில் வீட்டுக்கடன் காத்திருக்காது. எனவே முற்றாக மறுத்துவிடும்படி நாம் சொல்லவில்லை. முறையான ஊழியராகச் சேர்ந்து, தளத்துக்குச் சென்று, குறையுள்ள வேலையை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் பெற்றுக்கொண்டு ஊதியம் வாங்கட்டும். அது தூய சம்பாத்தியம். அதை நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கும்படி சொன்னோம்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். தளத்துக்கு வருகிறேன் என்றதும், "அப்படியானால் எங்களுக்கு வேறு ஆள் கிடைப்பார்" என்று நிறுவனம் கூறிவிட்டதாம்.