ஆடாத நாளுக்கு அளந்த நெல்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து நாலு பையன்கள் என்னைத் தேடித் தஞ்சாவூருக்கு வந்தார்கள். எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. அறுவடை முடிந்து எல்லார் கையிலும் கொஞ்சம் காசு புழங்கும் நேரம். வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடப் போகிறார்களாம். அரிச்சந்திரன், மயான காண்டம். நன்கொடை கேட்டு வந்திருந்தார்கள். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இன்னொருவன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறான். மற்ற இருவரும் அப்பாவோடு வயலில். ஊரில் நாடகம் நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நோட்டுத்தாளில் செலவுக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். மேடை, பந்தல், மைக் செட், லைட், சீன் வாடகை, மேக்கப், ஆர்மோனியம், மிருதங்கம், பிளெக்ஸ் பேனர், பொன்னாடை, மாலை. பழைய பழக்கம், கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி.

"ஒத்திகைக்கு எவ்வளவுடா போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஒத்திகைக்கு என்ன தாத்தா செலவு? நாங்களே ராத்திரியில சேந்து பாத்துக்குவோம்" என்றான் திருப்பூர்க்காரன்.

அந்தப் பதில் மூன்று நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நாடகத்தைப் பற்றி ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தது. கோயிலின் வைகாசிப் பெரிய திருவிழாவில் 'இராஜராஜேசுவர நாடகம்' ஆடுவதற்கு ஏற்பாடு செய்த கல்வெட்டு. ஆடியவர் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் விஜயராஜேந்திர ஆசாரியன் என்ற சாந்திக்கூத்தர். அவருக்கு வருஷத்துக்கு 120 கலம் நெல். 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். மரக்காலுக்கே கூத்தாடும் சாமியின் பெயர்!

பலரும் இதைப் படித்துவிட்டு, "ஆஹா, அந்தக் காலத்திலேயே நாடகத்துக்கு 120 கலம்!" என்று மேடையில் பேசுவார்கள். நெல் கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கு அந்தக் கல்வெட்டில் இன்னொரு அளவுதான் கண்ணில் பட்டது. நாள் ஒன்றுக்கு ஒரு தூணி நெல் என்று இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. தூணிக்கு நாலு மரக்கால், கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், ஆக மூன்று தூணி ஒரு கலம். 120 கலத்துக்கு 360 தூணி. நாளைக்கு ஒரு தூணி வீதம் 360 நாள்.

அதாவது, வைகாசித் திருவிழாவுக்கு ஆடுகிறவருக்கு வருஷம் பூராவும் நெல். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாளுக்கும் நெல். காய்ச்சலில் படுத்த நாளுக்கும் நெல். அவருக்கு மட்டுமா, அவர் வம்சத்தாருக்கும் அந்தக் காணி தொடர வேண்டும் என்று ஏற்பாடு. ஆடும் ராத்திரியை வாங்க வேண்டுமானால் ஆடாத நாட்களுக்கும் சோறு போட வேண்டும் என்பது அந்தக் கணக்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாடகத்தின் ஏடு நமக்குக் கிடைக்கவில்லை. கூலிக் கணக்குத்தான் கல்லில் நிற்கிறது.

இப்போது என் சொந்தக் கணக்கு. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1988இல் எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு நான்தான் பொருளாளர். அப்போது ஊரிலேயே ஒரு நாடகக் குழு இருந்தது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்துக்கொண்டு ஒத்திகை ஆரம்பிக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு வருவார். நாற்பது ராத்திரி. ஏர் ஓட்டுகிறவனுக்கு ராகம் சொல்லிக் கொடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வசனத்தைக் காதாலேயே ஏற்றி, மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். அவருக்குப் படி, எல்லாருக்கும் டீ, மண்ணெண்ணெய் என்று அறுநூறு ரூபாய் கேட்டார்கள். அந்த வருஷம் எங்களுக்கு ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் போட ஆசை. பக்கத்து ஊரில் போட்டுவிட்டார்கள், நாம் போடாமல் இருக்கலாமா? ஒத்திகைப் படியை அடித்துவிட்டு, "நாடகத்தன்று மட்டும் சம்பளம்" என்று எழுதியது என் பேனாதான்.

வாத்தியார் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி, வெளிச்சம் நல்லா இருந்தா மொகம் நல்லாத் தெரியும்" என்றார். அவர் நாற்பது ராத்திரிக்குப் பதிலாக நாலு ராத்திரி வந்தார். வேறு ஊரில் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. திருவிழாவன்று வெளிச்சம் பிரமாதம். முகமெல்லாம் நன்றாகத் தெரிந்தது. சந்திரமதி வசனம் மறந்து நின்ற முகமும் தெரிந்தது. கூட்டத்தில் சிரித்தார்கள். அடுத்த வருஷம் பையன்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். பாட்டுக் கச்சேரி வைத்தோம். அதற்கப்புறம் நாடகமே இல்லை. டிவி வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டது என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். எங்கள் ஊர் நாடகத்தைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை. வாத்தியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நாடகம் நிற்காத ஊரும் நம் பக்கத்தில் இருக்கிறது. மெலட்டூருக்குப் போயிருப்பீர்கள். நரசிம்ம ஜெயந்தியன்று வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே மேடை போட்டு, பெருமாளையே முதல் பார்வையாளராக வைத்து, விடிய விடியப் பிரகலாத சரித்திரம் ஆடுவார்கள். வெங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் எழுதிய நாடகம். பெண் வேஷமும் ஆண்கள்தான். முதலில் கோணங்கி வருவார், பிறகு ஒரு சிறு பையன் பிள்ளையார் முகமூடியோடு வருவான். நரசிம்ம முகமூடிக்குப் பூஜை உண்டு. அதைப் போடுகிறவர் விரதம் இருந்துதான் போடுவார். விடியும் நேரத்தில் இரணியனுக்கு எதிரே அவர் வரும்போது நாலைந்து பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாலியமங்கலத்திலும் பாகவத மேளா உண்டு. ஆர்சுத்திப்பட்டில் இதே இரணியன் கதை தமிழில் நடக்கிறது.

மெலட்டூர் எப்படி நிலைத்தது? அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார் என்று சொல்வார்கள். இங்கேயும் அதே கணக்குத்தான். யாரும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசவில்லை. வருஷம் முழுக்கச் சோற்றுக்கு வழி செய்துவிட்டார்கள். ஆட்டம் தானாக வந்தது. பிறகு காலம் மாறி அந்தக் குடும்பங்களில் பலர் வேலைக்காக வெளியூர் போனார்கள். ஆனாலும் லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறார்கள். பகலில் ஆபீஸில் லெட்ஜர் பார்க்கிறவர் ராத்திரியில் லீலாவதி. மாதச் சம்பளமும் சேர்த்து வைத்த லீவும்தான் இன்றைக்கு அவர்களுக்கு அளக்கிற நெல்.

பழைய பாய்ஸ் கம்பெனிகளும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எம்.ஜி.ஆர்., வீட்டு வறுமையால் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். கம்பெனி வீட்டில் நாடகம் இருக்கிற நாளும் சாப்பாடு, இல்லாத நாளும் சாப்பாடு. அந்த வாழ்க்கையை நான் மெச்சவில்லை. பிஞ்சுப் பிள்ளைகள், அடியும் உதையும், படிப்பு கிடையாது. அது திரும்பி வர வேண்டாம். ஆனால் அங்கே தினம் நடந்த பயிற்சியின் பலனைத்தான் தமிழ் நாடகமும் சினிமாவும் ஐம்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டன.

"ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாதே? ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்தும் வந்து மேடையில்தானே சந்திக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் அந்த ஒரு ராத்திரிக்கு ஒத்திகை பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் சின்ன வயசிலிருந்து வாத்தியாரிடம் மனப்பாடம் செய்த பாட்டும் வசனமும் அவர்கள் மூட்டையில் இருக்கின்றன. அடுத்த தலைமுறைக்கு அந்த மூட்டையை யார் கட்டிக் கொடுப்பது? சொல்லிக் கொடுக்கிற நாளுக்கும் கூலி இல்லை, கற்றுக்கொள்கிற நாளுக்கும் கூலி இல்லை என்றால் யார் வருவார்கள்?

நம் தஞ்சாவூருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருந்ததால்தான், டெல்லியில் படித்த சே. ராமானுஜம் இங்கே வந்து உட்கார்ந்தார். கிரேக்க நாடகம் ஒன்றைத் தழுவி, நம் ஒப்பாரியை வைத்து 'வெறியாட்டம்' போட்டார். கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி புஞ்சை கிராமத்துக்காரர். இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்தில் வளர்ந்தவர். தென்னகப் பண்பாட்டு மையமும் இங்கேதான் இருக்கிறது. ஆள் இருக்கிறது, மேடை இருக்கிறது. வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாடகமே தொழிலாக இருக்கிற குழு ஒன்றுதான் இல்லை.

மைசூரில் இருக்கிறது. 1989இல் கர்நாடக அரசு பி.வி. காரந்தை வைத்து 'ரங்காயணா' என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம். ஜெர்மனியில் நகராட்சிகளே இப்படி நாடகக் குழு வைத்துக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மைசூர் நம் காவிரிக்கு மேல்பக்கம் இருக்கிற ஊர்தான். வருஷா வருஷம் அவர்களிடம் தண்ணீர் கேட்கிறோமே, இந்த யோசனையையும் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன? இதற்கு நடுவர் மன்றம் தேவைப்படாது.

சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதற்குத்தான் வைகாசி இருக்கிறது. குறித்த நாளில், ஊர் கூடியிருக்கும்போது, மேடையேறியாக வேண்டும். அதைவிடக் கண்டிப்பான தணிக்கை எந்த ஆபீஸில் இருக்கிறது?

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. நம் பக்கத்துக் கல்யாண மண்டபமெல்லாம் அப்போது பூட்டித்தான் கிடக்கிறது. சாயங்காலம் மூன்று மணி நேரம் நாடகப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் மண்டபம் தேய்ந்துவிடாது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் நாடகத்துக்கு ஒதுக்குகிற நூறு ரூபாயில் இருபத்தைந்தை ஒத்திகைக்கு என்று தனியே எழுதி வைக்கலாம். பொன்னாடையில் நாலு குறைந்தால் போதும், அந்தப் பணம் வந்துவிடும்.

அந்தப் பையன்களிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கல்வெட்டுக் கதையை மட்டும் சொன்னேன். இன்ஜினீயர் பையன் செல்போனை எடுத்து 120ஐ மூன்றால் பெருக்கிப் பார்த்தான். "360 தாத்தா. சரியாத்தான் இருக்கு" என்றான். திருப்பூர்க்காரனிடம் விசாரித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஞாயிறு காலையில் ஊர். ஞாயிறு ராத்திரி ஒத்திகை முடிந்து பஸ் பிடித்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாது. வாரம் ஒரு நாள் கூலி போகும். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

மேடைக்கும் லைட்டுக்கும் நான் பணம் தரவில்லை. அதற்கு ஊரில் ஆயிரம் பேர் தருவார்கள், பெயரைப் பேனரில் போடலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர் வருகிறாராம். அவருடைய படி, பிள்ளைகளுக்கு டீ, திருப்பூர்ப் பையனுக்கு வைகாசி வரைக்கும் விட்டுப்போகிற கூலி, மூன்றையும் நான் ஏற்றுக்கொண்டேன். அவர்கள் தாளை வாங்கிக் கடைசி வரிக்குக் கீழே 'ஒத்திகை' என்று என் கையால் எழுதி, எதிரே தொகையைப் போட்டேன்.

மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறக்கும் என்பார்கள். திறந்துவிட்டால் குறுவை வேலை, யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்னால் நாடகம் முடிந்துவிடும். உங்கள் ஊரிலும் இந்த வைகாசியில் நாடகம் என்றால், நன்கொடைத் தாளில் 'ஒத்திகை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே எழுதிவிடுங்கள்.