இரணியனா, ரணமா?



பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து இரணியம்மன் கோயில் நிறுத்தத்தைத் தாண்டும்போது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கேட்டாளாம்: “இரணியன் கெட்டவன்தானே ஆயா, அம்மனுக்கு ஏன் அவன் பேரு?”

பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, கேள்வியை எனக்குத் தள்ளிவிட்டார்!

முதலில் இரணியனுக்கு நியாயம் செய்துவிடுவோம். அந்தச் சொல்லில் ஒரு கெடுதலும் இல்லை. வடமொழியில் ஹிரண்யம் என்றால் பொன். ஹிரண்யகசிபு என்றாலே பொன் மெத்தைக்காரன்தான். ஸ்ரீசூக்தம் திருமகளைப் பொன்னிறத்தாள் என்று அழைப்பதும் இந்தச் சொல்லால்தான். ஹரன் அரன் ஆனதுபோல, தமிழில் ஹிரண்யம் முதலெழுத்தை உதறி இரணியம் ஆயிற்று. அப்படிப் பார்த்தால் இவள் பொன்னம்மன்.

ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. ரகரத்தில் தொடங்கும் வடசொல் தமிழுக்கு வந்தால் முன்னால் அ, இ, உ என்று ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைத்து வரும் என்கிறது நன்னூல். அரங்கம், இராமன், உரோமம் எல்லாம் அப்படி வந்தவைதாம். ரணமும் இரணம் ஆகும். ரணகளம் என்கிறோமே, அந்த ரணம் போர். போர்க்கோலத்து அம்மனுக்கு அது பொருத்தம்தான். புண்ணுக்கும் ரணம் என்கிறோம். அது வ்ரணம் என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. புண்ணை ஆற்றுகிறவள் என்றும் கொள்ளலாம்.

ஒன்று தலையெழுத்தை இழந்து வருகிறது, மற்றது தலையில் ஓர் எழுத்தைச் சூடி வருகிறது. இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பொன் பக்கம் மனம் சாய்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ‘இரணி’யில் உள்ள இகரத்துக்கு அங்கேதான் கணக்குச் சரியாக வருகிறது. (ருணம் என்றால் கடன். தவணையில் வண்டி வாங்கிப் பூஜை போட வருகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்!)

பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. பலகைகள் மாறலாம், வீட்டுப் பெரியவர்களின் உச்சரிப்பு அவ்வளவு சுலபத்தில் மாறாது. உங்கள் பாட்டி இவளை இரணியம்மன் என்பாரா, ரணியம்மன் என்பாரா? காதில் விழுந்தபடியே எழுதி அனுப்புங்கள். பேத்திக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்