விக்கெட் காப்பாளர் மேல் ஏறும் கணக்கு

எம் ஊராகிய திருப்பூரிலே, ஒழுங்காய் நடக்கும் பனியன் கம்பெனி எதனினும் செக்கிங் மேசையருகே சிறிது நேரம் நின்று பார்த்தவர் ஒன்றை அறிவர். துணியில் ஓட்டை காணப்படின், அது நூலின் குறையா, நிட்டிங் இயந்திரத்து ஊசியின் குறையா, தைத்தவர் கைப்பிழையா என்று முதலில் வினவுவர். பழியைப் பின்னரே எழுதுவர். இச்சிறு நேர்மை கிரிக்கெட் ஆட்டத்தின் கணக்கேட்டில் இல்லை என்பதே எம் குறை.

மட்டையிலும் மேனியிலும் படாது பந்து பின்சென்று ஓட்டம் விளையின் அது ‘பை’ எனப்படும். பந்து மட்டையாளருக்கு எட்டாது சென்றால் ‘வைடு’ என்று வீசினவர் கணக்கில் ஏறும். எட்டும் எல்லைக்குள்ளே தரையோடு தவழ்ந்தோ தலைக்கு நேரே எழும்பியோ சென்றால், வீசினவர் தப்பிவிடுவர். காண்போர் கண்ணெல்லாம் காப்பாளர் மேலே. 2007 டிசம்பரில் பெங்களூரில் பாகிஸ்தானுக்கெதிரே நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் நம் தமிழ்நாட்டுத் தினேஷ் கார்த்திக் விக்கெட் காத்தார். பாகிஸ்தான் எடுத்த 537 ஓட்டங்களில் உதிரிகள் 76. அவற்றுள் பை மட்டும் 35. ஆடுகளமோ பந்தை ஒரு நிலையாய் எழவிடாதது. அந்த 35-இல் களத்திற்கு எத்துணை, வீசினவர்க்கு எத்துணை, கார்த்திக்கிற்கு எத்துணை? ஏடு பேசாது. 2004-இல் லார்ட்ஸ் மைதானத்தில், தம் முதல் ஒருநாள் பன்னாட்டு ஆட்டத்திலேயே, மைக்கேல் வானைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்தவரும் அவரே.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இவ்வழக்கு உண்டு. பந்து எறியப்படும்போதே எதிரணி ஓட்டக்காரர் அடுத்த தளத்தைத் திருடி ஓடுவார். ‘கேட்சர்’ பந்தைப் பற்றி 127 அடிக்கு அப்பாலுள்ள இரண்டாந்தளத்திற்கு ஏறக்குறைய இரண்டு நொடியில் சேர்த்தல் வேண்டும். திருட்டெல்லாம் அவர் பேரில் எழுதப்பட்ட காலம் நெடிது. எறிபவர் கை தாமதித்தால் கேட்சர் என் செய்வார்? அண்மைக் காலத்தே ஓட்டக்காரர் முன்னேறி நின்ற தூரம், அவர் வேகம், எறியப்பட்ட பந்தின் தன்மை முதலியவற்றைக் கருவிகளால் அளந்து, அவற்றைக் கழித்தே கேட்சரை மதிக்கின்றனர். எனினும், வல்ல கேட்சரைக் கண்டு ஓடவே அஞ்சி நின்றவரை எவ்வாறு எண்ணுவது? யாடியர் மோலினா என்னும் கேட்சருக்கெதிரே ஓடத் துணிந்தோர் மிகச் சிலர். ஓடாத ஓட்டம் எளிதிற் கணக்கில் ஏறாது.

எம் நண்பர் ஒருவர் சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று காப்பவர். அவர் அங்கே நிற்பதனாலேயே மட்டையாளர் கோட்டைவிட்டு இறங்க அஞ்சுவர். அதனாலேயே சில பந்துகள் அவரையும் கடக்கும். குழுவினர் பையை மட்டும் எண்ணி, அவரை நீக்கி, பத்தடி பின்னின்று காக்கும் ஒருவரைச் சேர்த்தனர். இப்பொழுது பை குறைந்தது. மட்டையாளரோ அச்சமின்றி இறங்கி அடிக்கின்றனர். அவ்வோட்டங்கள் வீசினவர் கணக்கில் ஏறுகின்றன. ஒவ்வொரு பையின் அருகேயும் பந்து எங்கு விழுந்தது, காப்பாளர் எங்கு நின்றார் என இரு சொல் குறித்தல் அரிதன்று. வரும் பருவத்தில், விடப்பட்ட கேட்சுகளையும் சேர்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாமே எழுதத் துணிந்துள்ளோம். நண்பர் பென்சில் வாங்கித் தர இசைந்துள்ளார்.